வீட்டு வேலை எலும்புக்குப் போதாது

சென்ற ரமலானில் எங்கள் அலுவலகத்துக்கு மருத்துவ உதவி கேட்டு ஒரு விண்ணப்பம் வந்தது. இண்டூரைச் சேர்ந்த தாயார், அறுபதைக் கடந்தவர். சஹருக்கு எழுந்து, வீட்டார் தூக்கம் கலையக் கூடாதென்று விளக்கைப் போடாமலே கொல்லைப்புறம் போயிருக்கிறார். ஈரத்தில் கால் வழுக்கிவிட்டது. மாடியிலிருந்து விழவில்லை, வண்டி மோதவில்லை. நின்ற இடத்தில் விழுந்ததற்கே இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு வந்த பிறகும் கக்கூஸ் போகக்கூட ஒருவர் பிடிக்க வேண்டியிருந்தது. பெங்களூரில் வேலை பார்த்த மகன் இரண்டு மாதம் சம்பளமில்லாமல் வீட்டோடு இருந்தார்.

உதவித் தொகையைக் கொடுத்துவிட்டு, பிறகு நலம் விசாரிக்கப் போனோம். பேச்சுவாக்கில் மருமகள் சொன்னார்: "மூணு வருஷத்துக்கு முன்னாடி கை மணிக்கட்டும் முறிஞ்சுதுங்க. மாவுக்கட்டு போட்டாங்க, சரியாப் போச்சு."

திரும்பி வந்து பழைய பதிவேட்டைப் புரட்டினோம். அப்போதும் நம்மிடம்தான் உதவி கேட்டிருக்கிறார்கள். தேதி, தொகை, கையெழுத்து எல்லாம் இருக்கிறது. ஐம்பது வயதைக் கடந்த ஒரு பெண்ணுக்குச் சாதாரணமாகத் தடுக்கி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தால், அது எலும்பு மெலிந்துவிட்டது என்பதற்கு முதல் எச்சரிக்கை. கட்டுப் போட்டவர் அதைச் சொல்லவில்லை, வீட்டார் கேட்கவில்லை, பணம் கொடுத்த நாங்களும் கேட்கவில்லை. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தப் பதிவேட்டுப் பக்கம்தான்.

அந்தத் தாயாரிடம் உடற்பயிற்சி பற்றிக் கேட்டபோது சிரித்துவிட்டார். "காலையில சுபுஹுக்கு எழுந்தா ராத்திரி இஷா வரைக்கும் வேலைதானே செய்யறேன், இதுக்கு மேல என்ன பயிற்சி?" நம் வீட்டு நானிமாவும் தாதிமாவும் பெரியம்மாவும் இதையேதான் சொல்வார்கள். கேள்வி நியாயமானது. அதனால் அதற்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறோம்.

எலும்புக்குள் நடப்பது

எலும்பைக் கல் மாதிரி உயிரற்ற பொருளாக நினைக்கிறோம். உண்மையில் அது நாள்தோறும் பழுது பார்க்கப்படும் ஒரு சுவர். பழைய பகுதியைக் கரைத்து எடுக்கும் அணுக்கள் ஒரு பக்கம் வேலை செய்ய, புதிதாகக் கட்டும் அணுக்கள் இன்னொரு பக்கம் வேலை செய்கின்றன. முப்பது வயதுவாக்கில் சுவர் அதன் முழுக் கனத்தில் இருக்கிறது. பெண்களுக்குச் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன், கரைக்கும் அணுக்களை அளவோடு வேலை செய்ய வைக்கிறது. மாதவிடாய் நின்றதும் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்துவிடுகிறது. கரைப்பது வேகமாக, கட்டுவது மெதுவாக என்றாகிறது. நின்ற பின் வரும் முதல் ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் மட்டும் எலும்பு அடர்த்தியில் 20 சதவீதம் வரை போய்விடலாம். வலி இருக்காது, வீக்கம் இருக்காது. முறிந்த பிறகுதான் தெரியும்.

நம் நாட்டுப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்பது பெரும்பாலும் 46, 47 வயதளவில். கர்ப்பப்பை அறுவைச் சிகிச்சையில் சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்டவர்களுக்கு இந்தக் கணக்கு அன்றைக்கே தொடங்கிவிடுகிறது, வயது 38 ஆக இருந்தாலும். அப்படி அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட சகோதரிகள் நம் ஊரிலும் சுற்றுக் கிராமங்களிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். சினைப்பையும் எடுக்கப்பட்டதா என்பது பலருக்கே தெரிவதில்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருக்கும், எடுத்துப் பாருங்கள்.

"எலும்புத் தேய்மானம்" என்று நாம் பொதுவாகச் சொல்வது இரண்டு வேறு நோய்களை. முழங்கால் மூட்டில் வலியும் கடகடவென்ற சத்தமும் வருவது மூட்டுத் தேய்மானம். எலும்பே சல்லடைபோல் மெலிவது எலும்புப்புரை. மூட்டு வலி இல்லாததால் எலும்பு நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை.

பழகிய வேலையும் புதிய பாரமும்

எலும்பின் உள்ளே பாரத்தை உணரும் அணுக்கள் இருக்கின்றன. எலும்பு லேசாக வளையும்போது, அதிரும்போது, "இங்கே பலம் தேவை" என்று அவை தகவல் அனுப்புகின்றன. ஆனால் தினமும் கேட்கும் மிக்ஸி சத்தத்துக்குக் காது பழகிவிடுவதுபோல, தினமும் ஒரே அளவில் வரும் பாரத்துக்கு அவையும் பழகிவிடுகின்றன. முப்பது வருடமாக அதே குடம், அதே துடைப்பம், அதே துணி துவைப்பு என்றால் எலும்புக்கு அதில் புதிய செய்தி எதுவும் இல்லை. போதாக்குறைக்கு நம் வீட்டு வேலையில் பாதி குனிந்தே செய்வது. அது முதுகுக்கு உபகாரத்தைவிட உபத்திரவம்தான்.

பாரமே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு விண்வெளி வீரர்கள் சாட்சி. எடை தெரியாத அந்த இடத்தில் இடுப்பு, கால் எலும்புகளில் மாதத்துக்கு ஒரு சதவீத அளவில் குறைகிறது. சுனிதா வில்லியம்ஸ் 2024 ஜூனில் போய் 2025 மார்ச்சில்தான் திரும்பினார். அங்கே இருப்பவர்கள் எலும்பையும் தசையையும் காப்பாற்றிக்கொள்ளத் தினமும் இரண்டு மணி நேரம் பயிற்சி செய்கிறார்கள். நம் வீட்டில் வயதானவரை "நீங்க உட்காருங்க, நாங்க பாத்துக்கறோம்" என்று ஒரே இடத்தில் உட்கார வைத்துவிடுகிறோமே, அந்த மரியாதையும் எலும்புக்கு நல்லதல்ல.

மாதவிடாய் நின்ற பிறகும் எலும்பு பாரத்துக்குப் பதில் சொல்லுமா? சொல்லும். ஆஸ்திரேலியாவில் 58 வயதைக் கடந்த, எலும்பு ஏற்கெனவே மெலிந்த 101 பெண்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு வாரம் இரண்டு முறை, அரை அரை மணி நேரம், பயிற்றுநர் பக்கத்தில் நிற்க, நல்ல கனமான எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். மற்றவர்கள் வீட்டில் லேசான பயிற்சி செய்தார்கள். எட்டு மாதத்தில் முதல் குழுவினரின் கீழ் முதுகெலும்பு அடர்த்தி 2.9 சதவீதம் கூடியது. இரண்டாவது குழுவினருக்கு 1.2 சதவீதம் குறைந்தது. வித்தியாசம் சிறியதாகத் தெரியலாம். ஆனால் ஆண்டுதோறும் குறைந்துகொண்டே போகும் ஒன்று இந்த வயதில் கூடியது என்பதுதான் விஷயம்.

அந்தக் கனத்தை நீங்கள் நாளைக்கே வீட்டில் தூக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அது ஆள் வைத்துச் செய்தது. அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்வது ஒன்றுதான்: பாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட வேண்டும். நடைப்பயிற்சி சர்க்கரைக்கும் இதயத்துக்கும் மனத்துக்கும் நல்லது, விட வேண்டாம். ஆனால் நடை மட்டும் எலும்பைக் கூட்டிவிடும் என்று நம்ப வேண்டாம்.

ஓர் அறையும் இரண்டு உப்புப் பாக்கெட்டும்

ஜிம் தேவையில்லை, வெளியே போகவும் தேவையில்லை. வாரத்தில் மூன்று நாள், இடையில் ஒரு நாள் விட்டு, அரை மணி நேரம். கதவைச் சாத்திக்கொண்டு ஓர் அறையில் செய்யலாம்.

முதலில் நாற்காலி. பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், சறுக்கும். மரம் அல்லது இரும்பு நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். நுனியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து நில்லுங்கள். மெதுவாக, பொத்தென்று விழாமல் உட்காருங்கள். பத்து முறை. மூச்சு வாங்கினால் நிறுத்தி, மறுபடி பத்து. ஊன்றாமல் எழவே முடியவில்லை என்றால் ஒரு கையை ஊன்றித் தொடங்கலாம். முழங்கால் வலி உள்ளவர்கள் ஒரு தலையணையைப் போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். தொடையும் இடுப்பும் பலம் பெற இதைவிட நல்ல பயிற்சி வீட்டில் இல்லை.

இரண்டு வாரத்தில் இது சுலபமாகிவிடும். சுலபமானால் பலன் நின்றுவிட்டது என்று பொருள். அப்போது இரண்டு மஞ்சப்பையில் ஒரு கிலோ உப்புப் பாக்கெட் ஒவ்வொன்று போட்டு, இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காருங்கள். பிறகு இரண்டிரண்டு கிலோ. பத்தில் கடைசி இரண்டு முறை சிரமமாக இருக்க வேண்டும், அதுதான் அளவு. பாரம் தூக்கும்போது மூச்சை அடக்கக் கூடாது, பிரஷர் உள்ளவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். எழும்போது "பிஸ்மில்லாஹ்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுந்தால் மூச்சு தானாக வெளியே போய்விடும்.

அடுத்து சுவர். சுவரிலிருந்து ஒரு கை தூரம் தள்ளி நின்று, உள்ளங்கைகளை ஊன்றி, முழங்கையை மடக்கி நெஞ்சைச் சுவரருகே கொண்டுபோய்த் தள்ளி மீளுங்கள். மணிக்கட்டு எலும்புக்கும் தோளுக்கும் இது பாரம். பிறகு சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது, இருபது முறை. இதுவரை முறிவு எதுவும் இல்லாதவர்கள் இறக்கும்போது 'டொக்' என்று தரையில் படும்படி இறக்கலாம், அந்த அதிர்வு இடுப்பு வரை போகும். அதே மேடையைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் பத்து விநாடி நிற்பது. நாளடைவில் இரண்டு விரலால் மட்டும் பிடிப்பது, பிறகு பிடிக்காமல் நிற்பது. இது எலும்பைக் கூட்டாது, விழாமல் காக்கும். விழாவிட்டால் இடுப்பு முறிவதும் அரிது.

கடைசியாக முதுகு. பாயில் குப்புறப் படுத்து, கைகளை உடலோடு ஒட்டி, தலையையும் நெஞ்சையும் நாலு விரற்கடை உயர்த்தி, ஐந்து எண்ணி இறக்குங்கள். கழுத்தை அண்ணாந்து ஒடிக்க வேண்டாம், பார்வை பாயிலேயே இருக்கட்டும்.

மறுநாள் தசை வலித்தால் பயப்பட வேண்டாம். செய்யும்போதே முதுகில் சுரீரென்று வலி வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

குனியும் பயிற்சி யாருக்குக் கூடாது

தொலைபேசியில் வரும் வீடியோக்களைப் பார்த்து, முழங்காலை நெஞ்சுக்குக் கொண்டுவருவது, காலை நீட்டிக் கட்டைவிரலைத் தொடுவது என்று செய்பவர்கள் இருக்கிறார்கள். எலும்பு ஏற்கெனவே மெலிந்தவர்களுக்கு இது ஆபத்து. அமெரிக்காவின் மாயோ மருத்துவமனையில் முதுகெலும்பு மெலிந்த 59 பெண்களைக் கவனித்து 1984இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முதுகைப் பின்னோக்கி நிமிர்த்தும் பயிற்சி செய்தவர்களில் 16 சதவீதம் பேருக்கே புதிய முதுகெலும்பு நசிவு வந்தது. முன்னால் குனியும் பயிற்சி செய்தவர்களில் 89 சதவீதம். பயிற்சியே செய்யாதவர்களில்கூட 67 சதவீதம்தான். சிறிய ஆய்வுதான். ஆனாலும் தவறான பயிற்சி சும்மா இருப்பதைவிட மோசம் என்பதை நாற்பது வருடத்துக்கு முன்பே காட்டிவிட்டது.

இதைப் படித்ததும் ருகூவும் சுஜூதும் கூடாதோ என்று யாரும் பதற வேண்டாம். பெரும்பாலோருக்குத் தரையில் உட்கார்ந்து எழுவது காலுக்குப் பலமே தரும். கை ஊன்றாமல் எழ முடிகிறவரின் கால் நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். முதுகெலும்பு நசிந்துவிட்டது என்று எக்ஸ்ரேயில் தெரிந்தவர்கள் மட்டும் எவ்வளவு குனியலாம் என்று மருத்துவரிடமும், அதற்கேற்பத் தொழுவது எப்படி என்று ஆலிமிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். முழங்கால் வலிக்காக நாற்காலித் தொழுகைக்கு மாறியவர்கள் நிறைய. அவர்கள் பகலில் வேறு நேரத்திலாவது நின்று பழக வேண்டும். அந்த ஒரு காரணத்தால் நாள் முழுக்க நாற்காலியிலேயே இருந்துவிடுகிறார்கள்.

நம் மாவட்டத்துத் தண்ணீர்

வெளியூர்ப் பத்திரிகையில் இந்தக் கட்டுரை வந்திருந்தால் இத்துடன் முடிந்திருக்கும். தர்மபுரி மாவட்டத்தில் இருக்கும் நமக்கு இன்னொன்று இருக்கிறது.

நம் மாவட்டத்தின் பல பகுதிகளில் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அதற்காகத்தான் ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013 மே மாதம் தொடங்கிவைக்கப்பட்டது. இன்று ஐம்பது, அறுபது வயதில் இருக்கும் பெண்கள் அதற்கு முன் பல பத்தாண்டுகள் கிணற்றுத் தண்ணீரும் போர் தண்ணீரும் குடித்து வளர்ந்தவர்கள். ஃபுளோரைடு பல்லில் மஞ்சள், பழுப்புக் கறையாகக் காட்டுவது எல்லோருக்கும் தெரியும். எலும்பிலும் அது படியும். கழுத்தும் முதுகும் கட்டைபோல் இறுகி, உட்கார எழச் சிரமப்படுவதை "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடுகிறோம்.

இதில் ஒரு ஏமாற்று உண்டு. ஃபுளோரைடு எலும்பை அடர்த்தியாக்கும், ஆனால் உறுதியாக்காது. மாயோ மருத்துவர்கள் இதையும் நேரில் பார்த்தார்கள். எலும்புப்புரை உள்ள 202 பெண்களை இரு குழுவாக்கி, ஒரு குழுவுக்கு நான்கு ஆண்டுகள் ஃபுளோரைடையே மருந்தாகக் கொடுத்து, 1990இல் முடிவை வெளியிட்டார்கள். முதுகெலும்பு அடர்த்தி 35 சதவீதம் கூடியது. முதுகெலும்பு முறிவோ குறிப்பிடும்படி குறையவில்லை, கை, கால், இடுப்பு போன்ற மற்ற எலும்புகளின் முறிவு மூன்று மடங்கானது. அதனால் நம் பக்கத்துப் பெண் ஒருவர் பெரிய ஊருக்குப் போய் எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்து, "நார்மல்" என்று வந்தால் உடனே நிம்மதி அடைய வேண்டாம். தர்மபுரி மாவட்டம் என்றும், எத்தனை வருடம் போர் தண்ணீர் குடித்தோம் என்றும், முதுகு இறுக்கம் உண்டா என்றும் மருத்துவரிடம் நாமே சொல்ல வேண்டும். சென்னையில் இருக்கும் மருத்துவருக்கு இது தோன்றாமல் போகலாம். முதுகு அப்படி இறுகியவர்கள் எடை தூக்கும் பயிற்சியை எக்ஸ்ரே பார்த்த பிறகே தொடங்குவது நல்லது.

குழாயில் ஒகேனக்கல் தண்ணீர் வராத நாட்களில் பலர் போர் தண்ணீரிலேயே சமைக்கிறோம். கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறிவாகும். குடிக்கவும் உலை வைக்கவும் ஒகேனக்கல் தண்ணீரைச் சேமித்து வைத்து, போர் தண்ணீரைத் துவைக்கவும் கழுவவும் வைத்துக்கொள்ளுங்கள். சொந்த போர் வைத்திருப்பவர்கள் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்து அளவைத் தெரிந்துகொள்ளலாம்.

உணவு, வெயில், மாத்திரை

கட்டுவதற்குச் செங்கல் வேண்டுமே, அதுதான் கால்சியம். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1,200 மில்லிகிராம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொல்கிறது. நம் மண்ணிலேயே மருந்து இருக்கிறது: 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல். களியை ஏழைச் சாப்பாடு என்று ஒதுக்கிவிட்டுப் பரோட்டாவுக்கு மாறியது நம் தலைமுறையின் அறியாமை. பால், தயிர், முருங்கைக் கீரை, எள், முள்ளோடு சாப்பிடும் நெத்திலி எல்லாம் சேர்ந்தால் கணக்கு வந்துவிடும். கால்சியம் குறைந்தவர்களைத்தான் ஃபுளோரைடும் அதிகமாகத் தாக்குகிறது.

வெயில் படாத உடலில் விட்டமின் டி இருக்காது, அது இல்லாவிட்டால் சாப்பிட்ட கால்சியம் எலும்புக்குப் போய்ச் சேராது. மறைப்புள்ள மொட்டை மாடியில் பகல் பதினொரு மணிக்கு மேல், முகத்திலும் முழங்கை வரையிலும் வெயில் பட இருபது நிமிடம் நிற்கலாம். வற்றல் காய வைக்கும் நேரம்தான். 60,000 யூனிட் விட்டமின் டி மாத்திரையைக் கடையில் தானே வாங்கி மாதக்கணக்கில் போடுபவர்களைப் பார்க்கிறோம், அது விஷமாகும். எலும்புப்புரைக்கு வாரம் ஒரு முறை வெறும் வயிற்றில் போட்டு அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டிய மாத்திரை சாப்பிடுபவர்கள், நோன்பு மாதம் வருவதற்கு முன்பே நேரம் மாற்றுவது பற்றி மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

வீட்டார் கவனத்துக்கு

இது பெண்களுக்கான கட்டுரை என்று ஆண்கள் பக்கத்தைத் திருப்பியிருந்தால், இந்தப் பகுதிக்கு மட்டும் திரும்பி வாருங்கள். கொல்லைப்புறத்துக்கும் கக்கூஸுக்கும் இரவில் எரியும் ஒரு சிறு விளக்கு, பிடித்துக்கொள்ளச் சுவரில் ஓர் இரும்புக் கம்பி, ஒளூ செய்யும் இடத்தில் வழுக்காத ரப்பர் பாய். மூன்றையும் ஒரே நாளில் வைத்துவிடலாம்.

அம்மாவின் புர்கா தரையில் புரளுகிறதா என்று பாருங்கள். தைத்தபோது சரியாக இருந்தது இப்போது புரண்டால், துணி நீளவில்லை, அவர் உயரம் குறைந்திருக்கிறார். முதுகெலும்பு நசிவது பல சமயம் அப்படித்தான் தெரியவரும். இளவயதைவிட நாலு செ.மீ. குறைந்திருந்தால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். ஓரத்தை மடித்துத் தைத்துவிடுவதும் அன்றைக்கே செய்ய வேண்டியது, அதுவே தடுக்கி விழ வைக்கும். ஆஸ்துமாவுக்கும் மூட்டுக்கும் நீண்ட காலம் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர்கள் முறிவு வரும் வரை காத்திருக்காமல் எலும்பைப் பரிசோதிக்க வேண்டும். படுக்கையில் இருப்பவர்களுக்கு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தால் போதும்.

எங்கள் பங்குக்கு, இனி எலும்பு முறிவுக்கு உதவி கேட்டு ஐம்பது வயதைக் கடந்த பெண்களின் விண்ணப்பம் வந்தால், "எப்படி விழுந்தார், இதற்கு முன் முறிந்ததுண்டா" என்று இரண்டு கேள்விகளைப் படிவத்தில் சேர்த்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு அலுவலக மேல் அறையை இந்தப் பயிற்சிக்குப் பெண்களுக்கு மட்டுமாக ஒதுக்கியிருக்கிறோம். பிசியோதெரபி படித்த சகோதரி ஒருவர் முதல் நான்கு வாரம் வந்து சொல்லித்தர ஒப்புக்கொண்டிருக்கிறார். மாடிப்படி ஏற முடியாதவர்கள் முன்கூட்டிச் சொன்னால் இன்ஷா அல்லாஹ் கீழ் அறையிலேயே ஏற்பாடு செய்கிறோம். முதலில் பெயர் கொடுத்திருப்பவர் இடுப்பு முறிந்த அந்தத் தாயார். வாக்கரோடு வருவார், அவருக்குக் கீழ் அறைதான். வருபவர்கள் பழைய எக்ஸ்ரே இருந்தால் அதையும், இரண்டு மஞ்சப்பையும், இரண்டு கிலோ உப்பும் கொண்டுவாருங்கள்.